டெயில் கேஸ்: ‘வால்வாயு’ வேண்டாம், ‘கடைமடை வாயு’ என்போம்

வணக்கம் ஐயா,

கந்தகம் மீட்கும் ஆலையில் கடைசியில் மிஞ்சி வரும் ‘டெயில் கேஸ்’ (tail gas) என்பதற்கு, நம் கலைச்சொல் பட்டியலில் நேற்று நீங்கள் எழுதிய ‘வால்வாயு’ பொருளில் சரிதான். ஆனால் ஆலையில் ‘வால்வு’ என்ற சொல் நாள் முழுக்கப் புழங்குகிறது. இரைச்சலுக்கு நடுவே வாக்கிடாக்கியில் ‘வால்வாயு கசியுது’ என்றால் வால்வு கசிவதாகத்தான் கேட்கும். ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு உள்ள இடத்தில் அந்தக் குழப்பம் ஆளையே கொல்லும். ‘கழிவு வாயு’வும் பொருந்தாது, அதை இன்னும் வெளியே விடவில்லையே.

காவேரிப்பட்டினத்துக்காரனான எனக்கு ‘கடைமடை வாயு’தான் தோன்றுகிறது. கிருஷ்ணகிரி அணையைத் திறந்தால் தலைமடை முதலில் வாங்கும். மடை மடையாகப் பாய்ந்து மிஞ்சியது கடைமடைக்கு வரும். ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து கந்தகம் எடுக்கும் கிளாஸ் (Claus) முறையும் இப்படித்தான். ஹைட்ரஜன் சல்பைடில் மூன்றில் ஒரு பங்கை உலையில் எரித்து சல்பர் டை ஆக்சைடு ஆக்குகிறோம். அது மிச்ச இரண்டு பங்கோடு சேர்ந்து கந்தகமும் நீராவியுமாகிறது. பெரும்பகுதி கந்தகம் உலையை ஒட்டியே இறங்கிவிடும். பிறகு அலுமினா, டைட்டானியா வினையூக்கிகள் நிரப்பிய இரண்டு மூன்று கலன்கள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம். மூன்றைத் தாண்டியும் நூற்றுக்கு 2, 3 பங்கு தப்பி வருகிறது பாருங்கள், அதுதான் கடைமடை.

‘கடைவாயு’ என்று சுருக்கலாமே என்று யாராவது கேட்கக்கூடும். கடைவாய்ப்பல் குறுக்கே வருகிறது. மடையை விட்டால் படிப்படியாக இறங்கும் கருத்தும் போய்விடும்.

இந்தப் பெயர் நின்றால், இந்த வாயுவைச் சுத்திகரிக்க உதவும் கோபால்ட்–மாலிப்டினத்தை ‘கடைமடை வினையூக்கி’ எனலாம். அது கந்தகம் தருவதில்லை. தப்பிய சல்பர் டை ஆக்சைடையும் கந்தக ஆவியையும் ஹைட்ரஜனோடு சேர்த்து மறுபடி ஹைட்ரஜன் சல்பைடு ஆக்கும். அதை அமீன் கரைசல் பிடித்துத் தலைமடைக்கே திருப்பி அனுப்பும்.

இன்னொன்று. பட்டியலில் ‘கந்தகமேற்றம்’ இரண்டு இடத்தில் வருகிறது. புதிதில் நீலமாக இருக்கும் கோபால்ட்–மாலிப்டின உருண்டைகளுக்குக் கந்தகம் ஏற்றினால் கறுத்து, வேலைக்குத் தயாராகும். அதற்கு அந்தச் சொல் சரி. அலுமினாவின் மேல் சல்பேட் படிந்து அது சோர்வது வேறு. அதற்கு ‘சல்பேட் படிவு’ என்று தனியே போடுங்கள். இரண்டும் ஒரே பெயரில் இருந்தால் படிக்கிற பிள்ளைகள் நல்லதையும் கெட்டதையும் ஒன்றென்று எடுத்துக்கொள்வார்கள்.