சுகர் கிளினிக்கை சிஸ்டரும் லேப் ஆளும் சேர்ந்து திருத்தப் போறாங்களாம்!

மஞ்சக்குப்பம்_மாறன்:
"சுகர் கிளினிக் எப்படி நடக்கணும்னு மேலிடம் மட்டும் முடிவு பண்ணக் கூடாது. அங்க வேலை பாக்குற சிஸ்டர், லேப் டெக்னீசியன், பார்மசிஸ்ட் சொல்லணும். முதல்ல லேபைக் காலையில 7 மணிக்குத் திறங்க, பாதி தீரும்." நேத்து கெடிலக்கரை அருளிய வாக்கு. அடடா! 2021லருந்து மக்களைத் தேடி மருத்துவத்துல மாத்திரை வீட்டு வாசலுக்கே போகுது. 7 மணிக்கு யாருய்யா வந்து வரிசையில நிக்கப் போறா?

கெடிலக்கரை:
மாத்திரை வாசலுக்கு வருது சார். லேப் வருதா? வீட்ல விரல்ல குத்துறது சும்மா ஒரு கண் வெச்சுக்க. நிஜத்துல 200 இருந்தா மிஷின் 170ம் காட்டலாம், 230ம் காட்டலாம். அவ்வளவு தப்பு இருக்கலாம்னு மிஷினோட தர விதியே விட்டுடுது. அதை நம்பி கிளிமிபிரைடு சுகர் மாத்திரையை 1 எம்ஜியிலருந்து 2க்கு ஏத்துவீங்களா?

கடிகாரத்தைப் பாருங்க. வெறும் வயித்துல ஒரு ரத்தம், சாப்பிட்டு 2 மணி நேரத்துல இன்னொண்ணு. வெறும் வயிறுன்னா குறைஞ்சது 8 மணி நேரம் சாப்பிடாம இருக்கணும். 7 மணிக்கு ரத்தம் கொடுத்தா ஏழேகாலுக்கு மாத்திரையைப் போட்டு இட்லியை வாயில வைக்கலாம். முதல் வாய் வெச்சதுலருந்துதான் 2 மணி நேரம், கை கழுவினதுலருந்து இல்ல. ஒன்பதேகாலுக்கு ரெண்டாவது ரத்தம். பத்தரைக்கு ரெண்டு ரிசல்ட்டும் டாக்டர் மேசையில. லேப் ஒன்பதரைக்கு ஆரம்பிச்சா ரெண்டாவது ரத்தமே பன்னெண்டு ஆயிடும். அப்புறம் "அடுத்த வாரம் வாங்கம்மா". அந்தம்மா வராது.

இன்னொரு கூத்து: சிலர் மாத்திரையை மட்டும் வீட்லயே போட்டுக்கிட்டு சாப்பிடாம வந்து நிப்பாங்க. பதினொரு மணிக்கு சுகர் 70க்குக் கீழ இறங்கி, வேர்த்து, கை நடுங்கி பெஞ்சுலயே சாஞ்சிடுவாங்க. சர்க்குலர் போடுறவருக்கு இது தெரியாது. டோக்கன் கொடுக்குற சிஸ்டருக்குத் தெரியும்.

மஞ்சக்குப்பம்_மாறன்:
இட்லிக் கணக்கெல்லாம் பிரமாதம். 7 மணிக்கு ரத்தம் எடுத்துட்டு, அதை அளக்குற அனலைசரை எப்ப ஓட்டுவீங்க? சிவப்பு மூடி டியூப்ல சும்மா நின்னா ரத்த செல்லுங்களே குளுக்கோஸைத் தின்னுடும், மணிக்கு 5லருந்து 7 சதவீதம். பத்து மணிக்கு ஓட்டினா 140 இருந்தது 120க்குக் கீழ. 126 தொட்டாத்தான் சுகர்னு எழுதுவாங்க. உங்க ஏழு மணி புண்ணியத்துல வியாதி இல்லாமலே போயிடும். வாழ்த்துகள்.

கெடிலக்கரை:
சாம்பல் மூடி டியூப்னு ஒண்ணு இருக்குங்க. உள்ள ஃப்ளோரைடு, செல்லு குளுக்கோஸைத் தின்னாமத் தடுக்குறதுக்கு. ரத்தம் நிரப்பி 8, 10 தடவை மெதுவாக் கவுத்து நிமித்தணும்; குலுக்கினா செல் உடையும். எத்தனை சாம்பல் மூடி வேணும்னு லேப் ஆளைக் கேட்டு இண்டென்ட் போட்டா சிவப்பு மூடியில ஏன் எடுக்கப் போறாங்க? நான் சொன்னதை எனக்கே நிரூபிச்சுக் காட்டுறீங்க.

மஞ்சக்குப்பம்_மாறன்:
ஃப்ளோரைடு முதல் ஒரு மணி நேரத்துக்கு ஒழுங்காத் தடுக்காது. அதுவும் தெரிஞ்சுக்கிட்டு வாங்க. ஏழு மணியாம்.

கெடிலக்கரை:
அதுக்குத்தான் டியூபை ஐஸ்ல வைக்கிறது. இல்லன்னா சீக்கிரமே சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தி செல்லைப் பிரிச்சிடணும். அடுத்தது?

பண்ருட்டிப்_பலா:
ஏன் இந்த அடிதடி? மூணு மாசத்துக்கு ஒருதரம், அந்த மூணு மாச சராசரி சுகரைச் சொல்ற ஹெச்பிஏ1சி டெஸ்ட் எடுத்தா வெறும் வயிறும் வேணாம், ஏழு மணியும் வேணாம். பலாக்காய் மாவு கலந்து சாப்பிட்டா இன்னும் நல்லது.

கெடிலக்கரை:
இரும்புச்சத்து இல்லாத ரத்தசோகையில அது பொய்யா ஏறிக் காட்டும். சமீபத்துல ரத்தம் ஏத்தினவங்களுக்கும் நம்பக் கூடாது. ஹீமோகுளோபின் பாக்காம ஏ1சியை மட்டும் பிடிச்சுத் தொங்க முடியாது. டோஸ் மாத்தின ரெண்டாவது வாரம் பலன் தெரியணும்னா திரும்ப வெறும் வயிறுதான், திரும்ப 7 மணிதான்.

மஞ்சக்குப்பம்_மாறன்:
பேரைப் பாரு, சுகர் விவாதத்துல பலாப்பழம்.

பண்ருட்டிப்_பலா:
காய் வேற, பழம் வேற. மஞ்சக்குப்பத்துல அதெல்லாம் எங்க தெரியும்?

பாகூர்க்காரன்:
கடலூர்க்காரங்க ஏழு மணிக்கு அடிச்சுக்கிட்டு, எட்டு மணிக்குக் கன்னியக்கோயில் தாண்டி எங்க புதுச்சேரி ஜிப்மர் பக்கம்தானே பஸ் ஏறுறீங்க?

கெடிலக்கரை:
எந்த மாநிலத்துல எத்தனை பேருக்கு சுகர்னு 2023ல வந்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் (INDIAB) ஆய்வுல புதுச்சேரி 26.3 சதவீதம், தமிழ்நாடு 14.4. பெருமையா சொல்லிக்கங்க.

பாகூர்க்காரன்:
தமிழ்நாட்டுல எடுத்தது முதல் கட்டத்துல, 2008-10. எங்களுக்கு எடுத்தது ரொம்பப் பின்னாடி. பழைய போட்டோவைக் காட்டி ஒல்லின்னு சொல்லாதீங்க. கோவா 26.4, நாங்க முதலும் இல்ல.

மஞ்சக்குப்பம்_மாறன்:
கேளுங்க, நான் ஒண்ணு கேக்குறேன். ஆஸ்பத்திரில கொடுக்குறது ஒரு மில்லிக்கு 40 யூனிட் இன்சுலின்; அதுக்குக் கடையில, மில்லிக்கு 100 யூனிட் மருந்துக்கான சிரிஞ்சை வாங்கிட்டுப் போறாங்க. 20 கோடு வரைக்கும் இழுத்தா உள்ள போறது 8 யூனிட். 40க்கு சிவப்பு மூடி சிரிஞ்ச், 100க்கு ஆரஞ்சு மூடிங்கற வித்தியாசத்தை இந்த ஊழியர்கள் சொல்லிக் கொடுத்தாங்களா? இவங்களா திட்டம் போடப் போறாங்க?

கெடிலக்கரை:
மருந்தைக் கொடுத்துட்டு சிரிஞ்சை வெளிய வாங்கச் சொன்னது பார்மசிஸ்டா, திட்டமா? ரெண்டையும் ஒரே கவர்ல கொடுக்கணும்னு ஒரு பார்மசிஸ்ட் குழுவுல இருந்தா முதல் நாளே சொல்லியிருப்பாரு. கால்ல உணர்ச்சி இருக்கான்னு 10 கிராம் மோனோஃபிலமெண்ட் நைலான் இழையை வெச்சுப் பாக்கறதும் அப்படித்தான். டாக்டர் ரூம்ல செருப்பைக் கழட்ட நேரம் ஏது? வரிசையில உட்கார்ந்திருக்கும்போதே சிஸ்டர் பாத்துடலாம். வரிசை எப்ப? 7 மணிக்கு.

நைட்_டியூட்டி:
7 மணி, 7 மணின்னு சொல்றீங்களே, அது ஷிஃப்ட் கைமாறுற நேரம். லேபர் ரூம்ல ஒரு கேஸ் இருந்தா ராத்திரி இருக்குற ஒரே சிஸ்டர் நாற்பது பேருக்கு ஊசி குத்துவாங்களா?

கெடிலக்கரை:
இதைத்தாங்க சிஸ்டர் குழுவுல உட்கார்ந்து நீங்க சொல்லணும்!

நைட்_டியூட்டி:
குழுவுல உட்கார யாரு ஆஃப் கொடுக்குறா? வேணும்னா ஏழரைன்னு வைங்க.

மஞ்சக்குப்பம்_மாறன்:
பாத்தீங்களா, ஏழரை வந்துடுச்சு. நான் முதல்லயே சொன்னேன்.

கெடிலக்கரை:
ஏழரைன்னா ரெண்டாவது ரத்தம் ஒன்பதே முக்கால், ரிசல்ட் பதினொண்ணு. ஒத்துக்க முடியாது. 7 மணி.

பண்ருட்டிப்_பலா:
பலாக்காய் மாவைப் பத்தி யாரும் பதில் சொல்லல.

மஞ்சக்குப்பம்_மாறன்:
கேட் சாவி யார்கிட்ட இருக்கு 7 மணிக்கு? அதைச் சொல்லுங்க முதல்ல.