வெளுத்துப்போன தாள்

அரசு மருத்துவமனை ஒன்றின் மருத்துவப் பதிவறையில் பதினொரு ஆண்டுகள் பணியாற்றியவன் நான். இழப்பீட்டு வழக்குகளின் செலவு ஏறிக்கொண்டே போவதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், மக்களுக்குப் பணத்தாசை வந்துவிட்டது என்று மருத்துவமனைக்குள்ளும், அலட்சியம் பெருகிவிட்டது என்று வெளியிலும் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் கையாண்ட ஒரு கோப்பு இந்த இரண்டு விளக்கங்களுக்குள்ளும் அடங்கவில்லை.

பிரசவத்தின்போது ஆக்சிஜன் குறைந்து மூளை பாதிக்கப்பட்ட ஒரு குழந்தையின் தாயுடைய கேஸ் ஷீட் அது. குழந்தைக்கு ஆறு வயதானபோது வழக்கு வந்தது. இவ்வளவு தாமதமா என்று கேட்பது எளிது. ஆனால் நடக்க வேண்டிய வயதில் நடக்காமலும் பேச வேண்டிய வயதில் பேசாமலும் இருக்கும்போதுதான் பாதிப்பின் அளவே பெற்றோருக்குத் தெரியவரும். கருவின் இதயத்துடிப்பைப் பதிவுசெய்த சி.டி.ஜி. தாளைச் சட்டப்பிரிவு கேட்டது. உறையைப் பிரித்து மடிப்பு மடிப்பாக இருந்த அந்த நீளத் தாளை மேசையில் விரித்தேன். கட்டங்கள் இருந்தன, கோட்டைக் காணவில்லை. வெப்பத்தால் அச்சாகும் தாள் என்பதால் ஆண்டுகள் போகப் போக வெளுத்துவிட்டது. ஒரு மடிப்பின் உட்புறத்தில் மட்டும் விரல்கடை அளவுக்குச் சாம்பல் நிற நெளிவு ஒன்று மிஞ்சியிருந்தது. செவிலியர் குறிப்பில் "மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது" என்று எழுதியிருந்தது, நேரம் குறிக்கப்படவில்லை.

அந்தச் செவிலியர் உரிய நேரத்தில் அழைத்தே இருக்கலாம். அதை நிரூபிக்க எங்களிடம் எதுவும் இல்லை. அந்தத் தாளில் என்ன இருந்திருக்கும் என்று இரு தரப்பு நிபுணர்களும் நான்கு ஆண்டுகள் வாதிட்டார்கள். அவர்களுடைய கட்டணமும் வழக்குரைஞர் செலவும் வட்டியும் இறுதியில் மருத்துவமனையின் தலையிலேயே விழுந்தன.

இழப்பீட்டுத் தொகையைக் கணக்கிட்ட விதத்தைப் பார்த்தபோதுதான் எனக்குப் பல விஷயங்கள் விளங்கின. வலிக்கும் வேதனைக்கும் ஒதுக்கப்பட்டது சிறு பங்குதான். இரவும் பகலும் உடனிருக்கும் பராமரிப்பாளர், வளர வளர மாற்ற வேண்டிய சக்கர நாற்காலி, இயன்முறை சிகிச்சை என ஆயுள் முழுவதற்குமான செலவே பெரும்பகுதி. நல்ல பராமரிப்பால் இத்தகைய குழந்தைகள் இப்போது கூடுதல் காலம் வாழ்கிறார்கள். அதனாலும் தொகை ஏறுகிறது, இந்த ஏற்றத்தை யாரும் குறையாகச் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் 2023-24ஆம் ஆண்டில் மருத்துவ அலட்சியக் கோரிக்கைகளுக்காக 280 கோடி பவுண்டு அளவில் பொதுப்பணம் செலவானது. அங்கும் பிரசவம் தொடர்பானவை எண்ணிக்கையில் குறைவு, மதிப்பில் மிக அதிகம். மொத்தமாகக் கொடுக்கும் தொகையை முதலீடு செய்தால் என்ன வருமானம் வரும் என்று சட்டம் வைத்துக்கொள்ளும் விகிதம் அங்கே 2017இல் 2.5 சதவீதத்திலிருந்து மைனஸ் 0.75 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வருமானம் குறையும் என்று கணக்கிட்டால் முதலிலேயே கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பதால், ஒரு மருத்துவர்கூடப் புதிதாகத் தவறு செய்யாமலேயே பெரிய வழக்குகளின் மதிப்பு வெகுவாக எகிறியது. நியூசிலாந்தில் 1974 முதல் யார் குற்றம் என்று பாராமலேயே உதவித்தொகை வழங்கும் முறை நடைமுறையில் இருக்கிறது. அங்கே இப்படியொரு தாளுக்காக நான்கு ஆண்டுகள் மல்லுக்கட்ட வேண்டியிருந்திருக்காது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

விகிதமும் ஆயுளும் எங்கள் கையில் இல்லை. கையில் இருந்த ஒன்றை நாங்களே நழுவவிட்டோம் என்பது விசாரணையின்போதுதான் தெரிந்தது. தாயின் வழக்குரைஞர் முதல் ஆவணமாக நீட்டியது மருத்துவ அறிக்கை அல்ல, ஒரு விண்ணப்பம். குழந்தைக்கு இரண்டு வயதாகும் முன்பே, என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளத் தன் கேஸ் ஷீட்டின் நகலைக் கேட்டு அந்தத் தாய் பதிவறைக்கு மூன்று முறை வந்திருக்கிறார். அந்த விண்ணப்பத்தின் ஓரத்தில் "கோப்பு தற்சமயம் கிடைக்கவில்லை, பிறகு வரவும்" என்று எழுதி, கீழே சுருக்கொப்பமும் இடப்பட்டிருந்தது.

கையெழுத்து என்னுடையது. எழுதியது நினைவில் இல்லை. ஒரு நாளில் அப்படி எத்தனையோ எழுதுவோம். அன்று தேடி எடுத்திருந்தால் தாளில் கோடு இருந்திருக்கும்.