புதுப்பிப்பு: வின்னிபெக் குளிரையும் கோடையையும் தாங்கும் கராஜ் கதவு

குளிர்காலத்தில் மைனஸ் 30 பாகைக்குக் கீழே இறங்கி, கோடையில் 30 பாகையைத் தாண்டும் கனடாவின் வின்னிபெக் நகரில் எந்தக் கராஜ் கதவு நின்று உழைக்கும் என்று இங்கே கேட்டிருந்தேன். பொறுமையாகப் பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

மரம் ஈரத்தில் உப்பி வறட்சியில் வெடிக்கும் என்று பலர் சொன்னதால், இரு பக்கமும் எஃகுத் தகடும் நடுவே பாலியூரித்தேன் நுரையும் கொண்ட கதவைப் பொருத்தினோம். எனினும், உள்தகடும் வெளித்தகடும் ஒன்றையொன்று தொடாதபடி இடையே வெப்பத்தடை உள்ளதா என்று பார்த்து வாங்கச் சொன்ன ஆலோசனையே உண்மையில் பலன் தந்தது. பழைய கதவில் பலகைகள் சேருமிடத்தில் உள்பக்கமாகவே வெண்பனி படிந்திருக்கும். இப்போது அதே இடத்தை விரலால் தடவினால் உலர்ந்திருக்கிறது.

எதிர்பாராத செலவும் ஒன்று வந்தது. புதிய கதவின் எடை கூடுதல் என்பதால் மேலே உள்ள டார்ஷன் ஸ்பிரிங்கையும் (கதவைத் தூக்க உதவும் முறுக்குச் சுருள்வில்) அதற்கேற்ப மாற்ற வேண்டியிருந்தது. முறுக்கேறிய அந்த ஸ்பிரிங் கழன்றால் கையை முறித்துவிடும் என்பதால், தயவுசெய்து தொழில் தெரிந்தவரிடமே விடுங்கள்.

காரிலிருந்து உருகி வழிந்த நீர் இரவில் உறைந்து, கதவின் அடி ரப்பரைத் தரையோடு ஒட்டவைத்தது. நீரைத் தள்ளிவிட்டு, ரப்பரில் சிலிக்கோன் ஸ்பிரே அடிக்கத் தொடங்கிய பிறகு அது ஒட்டவில்லை.