பால், பாலினம், ஈர்ப்பு: வகுப்பை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: தமிழ் விரிவுரையாளர், பாளையங்கோட்டை

வணக்கம். இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் பாலினப் பன்மை பற்றி இரண்டு மணி நேரம் பேசும் பொறுப்பு மீண்டும் எனக்கு வந்திருக்கிறது. நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து பேருந்தில் வரும் பிள்ளைகளே பெரும்பாலோர். சென்ற ஆண்டு ஆங்கிலச் சொற்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதித் தொடங்கினேன். பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. வகுப்பு முடிந்தபோது மேசைமேல் நான்காக மடித்த தாள் ஒன்று கிடந்தது. "இது நோயா மிஸ்?" என்று மட்டும் எழுதியிருந்தது. எழுதியவர் யாரென்று தெரியாததால் பதில் சொல்லாமலே விட்டுவிட்டேன். அது இன்றும் உறுத்துகிறது. இம்முறை எங்கிருந்து தொடங்கலாம்?

பதில் 1: சட்டம் கற்பிப்பவர், திருநெல்வேலி

அந்தத் தாளிலிருந்தே தொடங்குங்கள், அம்மா. உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை, அதாவது தன் பாலினத்தவரிடமே கொள்ளும் ஈர்ப்பை, நோய்ப் பட்டியலிலிருந்து 1990 மே 17 அன்றே நீக்கிவிட்டது. அதை "மாற்றிக் காட்டுகிறோம்" என்னும் மருத்துவ முயற்சிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் தடை விதித்தது. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இதில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகே தீர்ப்பு எழுதினார் என்பதை மாணவர்களுக்கு அவசியம் சொல்லுங்கள்.

பக்கத்து ஊர் வழக்கு ஒன்றும் இருக்கிறது. 2018இல் தூத்துக்குடிக் கோயிலில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தனர். இந்து திருமணச் சட்டத்தில் வரும் "மணமகள்" என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. தூத்துக்குடியில் நடந்தது என்றால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள்.

பதில் 2: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அம்பாசமுத்திரம்

தமிழ்த்துறையில் இருக்கும் உங்களுக்குத் தொல்காப்பியமே கைகொடுக்கும். "ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி"க்கு, அதாவது ஆண் தன்மையிலிருந்து மாறியவரைக் குறிக்கும் பெயர்ச்சொல்லுக்கு, தனி ஈறு இல்லை என்று சொல்லும் கிளவியாக்க நூற்பா, அச்சொல்லை உயர்திணையில்தான் வைக்கிறது. ஆனால் பழைய சொற்களை இன்றைய மனிதர்மேல் ஏற்றிவிடாதீர்கள். தன்னைப் பெண்ணாக உணர்பவரைத் திருநங்கை, ஆணாக உணர்பவரைத் திருநம்பி என்றே சொல்லிப் பழக்குங்கள். தன்னை யாராக உணர்கிறோம் என்பதும் யாரிடம் ஈர்ப்புக் கொள்கிறோம் என்பதும் வெவ்வேறு என்பதற்குத்தான் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். ஆணை விரும்பும் திருநங்கையைத் தன்பாலீர்ப்பாளர் என்று தவறாக எழுதிய விடைத்தாள்களை நானே திருத்தியிருக்கிறேன்.

பதில் 3: முன்னாள் மாணவி, திருநங்கை

மிஸ், எங்களில் ஒருவரை அழைத்து வந்து முன்னால் நிறுத்தி, "கேளுங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "இங்கே யாராவது இருக்கிறீர்களா?" என்றும் கேட்க வேண்டாம், இருப்பவர் அன்றோடு வகுப்புக்கு வருவதை நிறுத்திவிடக்கூடும். நான் படித்த கல்லூரியில் ஒவ்வொரு காலையும் வருகைப் பதிவேட்டிலிருந்து என் பழைய பெயரை உரக்கப் படிப்பார்கள். அறையே திரும்பிப் பார்க்கும். ஓர் ஆசிரியை மட்டும், யாரும் கேட்காமலேயே, வகுப்பு முழுவதையும் வரிசை எண்ணால் அழைக்கத் தொடங்கினார். அவருடைய வகுப்பு ஒன்றைக்கூட நான் தவறவிட்டதில்லை. இம்முறை நீங்களே மடித்த தாளில் கேள்வி வாங்குங்கள், மிஸ். ஆனால் எல்லோரையும் எழுதச் சொல்லுங்கள், கேள்வி இல்லாதவர் வெற்றுத் தாளை மடித்துப் போடட்டும்.