மறு: கீமோ எடுக்கும் நாய், பூனையின் உடலிலிருந்து வெளியேறும் மருந்துக்கு என்ன பெயர்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கீமோ, அதாவது புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை, எடுக்கும் நாய், பூனை உள்ள வீடுகளுக்குக் கொடுக்கும் துண்டறிக்கையில், அவற்றின் உடலிலிருந்து வெளியேறும் மருந்தைக் குறிக்க ‘மருந்து எச்சம்’ போதும் என்று பலரும் எழுதிவிட்டீர்கள். பூச்சிக்கொல்லி எச்சம் என்று வேளாண்மைக்காரர்கள் எழுதுவதால் அது பழகிய சொல்தான். ஆனால் காக்கை எச்சம், புறா எச்சம் என்று புழங்கும் வீட்டில் “நாயின் மருந்து எச்சத்தைத் தொடாதீர்கள்” என்று அச்சிட்டுக் கொடுத்தால், படிப்பவர் மலத்தை மட்டும்தான் நினைப்பார். அங்கேதான் எனக்குச் சிக்கல்.

நிணநீர்ப் புற்றுநோய் வந்த நாய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளையே பாருங்கள். சைக்ளோபாஸ்பமைடு பெரும்பாலும் சிறுநீரில் போகிறது. வின்கிறிஸ்டினும் டாக்சோரூபிசினும் பித்தநீர் வழியாக மலத்தில்தான் அதிகம் போகும், ஆனால் சிறுநீரிலும் கொஞ்சம் வரும். டாக்சோரூபிசின் சிவப்பு மருந்து. ஏற்றிய பிறகு ஓரிரு நாள் மூத்திரம் செந்நிறமாகத் தெரிந்தால் ரத்தமோ என்று பயந்துவிடுவார்கள். வாந்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று நாள்தான் அளவு அதிகம். டாக்சோரூபிசின் மட்டும் மூன்று வாரம் கழித்தும் நாயின் சிறுநீரில் மிகச் சிறு அளவில் கண்டறியப்பட்டிருக்கிறது.

‘மருந்து மிச்சம்’ என்றால் அட்டையில் மீந்த மாத்திரை. ‘கழிமருந்து’ காலாவதியாகித் தூக்கிப்போட்டது போல ஒலிக்கிறது. ஆகவே என் பரிந்துரை ‘எஞ்சுமருந்து’. வினைத்தொகை என்பதால் காலம் மூன்றும் அதில் அடங்கும்: உடலில் எஞ்சியதும் சரி, பாயில் இப்போது எஞ்சிக் கிடப்பதும் சரி. இதைக் கேட்டாலும் அட்டை மாத்திரை நினைவுக்கு வராதா என்று கேட்பீர்கள். வரலாம். முதல் தடவை ‘உடல்வழி எஞ்சுமருந்து’ என்று எழுதிவிட்டு, அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது, அந்த மருந்து மனிதர்மேல் படுவதற்கான சொல். ஆங்கிலத்தில் ‘exposure’ என்பார்கள். அதற்கு வழக்கமாக எழுதும் ‘வெளிப்பாடு’ இங்கே எதையும் சொல்லவில்லை. ஒருவர் சொன்ன ‘மருந்துத் தொற்று’ கூடவே கூடாது. தொற்று என்று பார்த்தால் பாட்டி நாயை வீட்டைவிட்டே துரத்திவிடுவார். நாயின் புற்றுநோய் நமக்கு ஒட்டாது, அதைத் தடவலாம், கொஞ்சலாம். கவனம் தேவைப்படுவது கழிவிலும் மாத்திரையிலும்தான். ‘தீண்டல்’ வேண்டாம், பாம்பு நினைவும், அதைவிட மோசமான நினைவும் வரும். ‘மேலே படாமல் பார்த்துக்கொள்’ என்று எல்லா வீட்டிலும் சொல்கிறோமே, அதிலிருந்தே ‘மருந்துபடல்’ என்று எடுத்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூரில் இதைப் படிக்கப்போவது யார் என்பதும் முக்கியம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் நாயின் பாயைத் துவைப்பது பெரும்பாலும் பணிப்பெண்ணோ பாட்டியோதான். மருத்துவரிடம் போய் விவரம் கேட்டு வந்தவர் அலுவலகத்தில் இருப்பார். 2024 செப்டம்பர் முதல் வீவக வீடுகளில் பூனையும் வளர்க்கலாம் என்று ஆகிவிட்டதால், மணல் தட்டை அள்ளுபவருக்கும் சொல் பொருந்த வேண்டும்.

சொற்களை வாக்கியத்தில் வைத்துச் சோதித்தேன்:

“மருந்து ஏற்றிய முதல் மூன்று நாள் மூத்திரத்திலும் மலத்திலும் எஞ்சுமருந்து அதிகம். கையுறை போட்டுத் துடைத்து, இரட்டைப் பையில் கட்டிப் போடுங்கள். குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காதீர்கள், துளி தெறித்து மருந்துபடல் ஏற்படும். அழுக்கான துணியைத் தனியாகத் துவையுங்கள். மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ வேண்டாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இந்த வேலையைச் செய்யக் கூடாது.”

‘மருந்துபடல் ஏற்படும்’ கொஞ்சம் இடிக்கிறது. ‘மருந்து மேலே படும்’ என்றே அங்கு எழுதிவிட்டு, கலைச்சொல்லைத் தலைப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா? மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்கள் சொல்லுங்கள். உயிரணுக்களைக் கொல்லும் மருந்துகளைக் குறிக்கும் ‘சைட்டோடாக்சிக்’ என்பதற்கு ‘உயிரணுநச்சு’ என்று அக்கா ஒருவர் எழுதியிருந்தார். எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அதைத் தனி இழையில் பேசுவோம்.