பெரியப்பா எடுத்த படத்தைப் பொதுவகத்தில் ஏற்ற உதவி தேவை

வணக்கம். கடலூர்க்காரன், தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் புதியவன். தேவனாம்பட்டினம் கட்டுரைக்காக விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேமிக்கும் தளமான விக்கிமீடியா பொதுவகத்தில் மூன்று படங்கள் ஏற்றினேன். என் செல்போனில் எடுத்தது நிற்கிறது. அதற்கு சிசி பை-எஸ்ஏ 4.0 உரிமம் (எடுத்தவர் பெயரைச் சொல்லி யாரும் பயன்படுத்தலாம், மாற்றிப் பகிர்ந்தால் அதே உரிமத்தில் பகிர வேண்டும்) கொடுத்திருந்தேன். ஒரு செய்தித்தளத்திலிருந்து எடுத்துப் போட்டதைத் தூக்கிவிட்டார்கள். தப்பு என்னுடையதுதான். கூகுளில் கிடைத்தால் எல்லாருக்கும் பொது என்று நினைத்துவிட்டேன்!

சிக்கல் மூன்றாவதில். 1978-இல் பெரியப்பா எடுத்த, தேவனாம்பட்டினத்தில் உள்ள சில்வர் பீச் கடற்கரைப் படம். பின்பக்கம் அவர் கையெழுத்தில் தேதிகூட இருக்கிறது. ஸ்கேன் செய்து 'சொந்தப் படைப்பு' என்று போட்டேன். ஸ்கேன் செய்தவர் படைப்பாளி ஆகமாட்டாராம். சரி. பெரியப்பா இப்போது உயிருடன் இல்லை. வாரிசு என்ற முறையில் பெரியம்மா அனுமதி தரத் தயார். அவருக்கு மின்னஞ்சல் கிடையாது. அவர் தரும் அனுமதிக் கடிதத்தை நான் அனுப்பினால் ஏற்பார்களா? தமிழில் எழுதலாமா? அப்புறம், அதில் என்னென்ன இருக்க வேண்டும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.