மறு: 180/120-க்கு மேல் – இரண்டு நிலை, இரண்டு சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,
செவிலியர் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ஹைப்பர்டென்சிவ் எமர்ஜென்சி', 'ஹைப்பர்டென்சிவ் அர்ஜென்சி' இரண்டுக்கும் வரைவில் 'உயர் இரத்த அழுத்த அவசரம்' என்றே இருக்கிறது. இரண்டிலும் இரத்த அழுத்த அளவு 180/120-ஐத் தாண்டியிருக்கும். முன்னதில் மூளை, இதயம், சிறுநீரகம், விழித்திரை, பெருந்தமனி இவற்றில் ஏதோ ஒன்று அப்போதே கெட்டுக்கொண்டிருக்கும். பின்னதில் அது இல்லை. சொல் தாருங்கள்.
– ம.க.

ம.க. அவர்களுக்கு,
முதலில் இரத்தத்தை விட்டுக் குருதிக்கு வாருங்கள். 'குருவும் கெழுவும் நிறனா கும்மே' என்பது தொல்காப்பியத்தின் சொற்பொருள் சொல்லும் பகுதியான உரியியல். குரு நிறம், அதன் வழியே குருதி. 'அவசர'மும் வடசொல், அங்கே அதற்குத் தக்க சமயம் என்று பொருள், பதற்றம் நாம் ஏற்றியது. நம்மிடம் 'கடி' இருக்கிறதே! தொல்காப்பியர் தரும் பத்துப் பொருளில் விரைவு, மிகுதி, அச்சம் மூன்றும் உண்டு. இந்த நோய்க்கு மூன்றும் பொருந்தும். கடியழுத்தம்.
– புலவர் இரா.

புலவர் ஐயா,
வார்டில் 'கடியழுத்தம்' என்று எழுதினால் நாய்க்கடி ஊசியோடு வந்து நிற்பார்கள். சொல் தவறினால் மருந்தும் தவறும்.

உறுப்புச் சேதம் இருந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவு, இரத்தக் குழாயில் ஏற்றும் ஐ.வி. மருந்து. லாபெட்டலால் 20 மி.கி., இரண்டு நிமிடத்தில் மெதுவாக. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து 40, 80 என்று ஏற்றலாம், மொத்தம் 300-ஐத் தாண்டக் கூடாது. ஆஸ்துமா இருந்தாலோ நாடி மிக மெதுவாக இருந்தாலோ இது ஆகாது. முதல் ஒரு மணி நேரத்தில் சராசரி அழுத்தத்தை 25 விழுக்காட்டுக்கு மேல் இறக்காதீர்கள். அடுத்த 2–6 மணியில் 160/100. இயல்பு நிலைக்கு மேலும் ஓரிரு நாள். நெடுங்காலம் அழுத்தம் ஏறியே இருந்தவரின் மூளை நாளங்கள் அந்த உயரத்துக்குப் பழகியிருக்கும். சட்டென்று இறக்கினால் மூளைக்கு ரத்தம் போதாமல் பக்கவாதம் வரும். பெருந்தமனி உட்சுவர் கிழிந்திருந்தால் மட்டும் கணக்கே வேறு: 20 நிமிடத்துக்குள் மேல் அளவு 120-க்குக் கீழ் வர வேண்டும், அதற்கும் முதலில் துடிப்பைத் தணிக்கும் எஸ்மோலால்.

சேதம் இல்லையா? அமைதியாக உட்காரவைத்து, கைக்குப் பொருந்தும் கஃப் (அழுத்தம் அளக்கக் கையில் சுற்றும் பட்டை) கட்டி மறுபடி பாருங்கள் (சின்ன கஃப் கூட்டிக் காட்டும்). விட்டுப்போன மாத்திரையைத் தொடங்குங்கள், சில நாளில் வரச் சொல்லுங்கள். இங்கே 'அவசரம்' என்று எழுதினால் அழுத்தம் குறைக்கும் நிஃபெடிபின் கேப்ஸ்யூலைக் குத்தி நாக்கடியில் விடுவார்கள். அழுத்தம் எவ்வளவு சரியும் என்று யாராலும் சொல்ல முடியாது, மாரடைப்பே வரலாம். அமெரிக்காவின் 2025 வழிகாட்டுதல் 'அர்ஜென்சி'யைக் கைவிட்டுவிட்டது. 'கடுமையான உயர் அழுத்தம்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.
– மரு. சு.

இலங்கைப் பாடநூல்களில் அழுத்தம் இல்லை, அமுக்கம்தான்: குருதியமுக்கம். வளிமண்டலத்துக்கும் அதுவே. 'அழுத்தம்' மன அழுத்தத்தோடு குழம்பும், கவனியுங்கோ.
– யாழிலிருந்து, த.

'ரத்தக் கொதிப்பு' என்றே போடலாமே? நோயாளிக்குப் புரியும்.
– வே.

வே. தம்பி, கொதிப்பு நோய்க்குப் பெயர், அளவுக்கு ஆகாது. '180 கொதிப்பு' என்பீர்களா? நோயாளி சொல்வது 'பிரஷர்'. இது செவிலியருக்கான கையேடு.
– மரு. சு.

எல்லோருக்கும் நன்றி. முன்னது 'உறுப்புத்தாக்க அழுத்த நெருக்கடி', பின்னது 'கடும் உயர் அழுத்தம்'. நால்வர் சரி என்றார்கள், இருவர் பதிலே போடவில்லை. யாழ்ப் பதிப்பில் 'அமுக்கம்' என்று மாற்றிக்கொள்ளலாம்.
– ம.க.

'உறுப்புத்தாக்க' என்பதை உறுப்பு தாக்குவதாகவும் படிக்கலாம், உறுப்பைத் தாக்குவதாகவும் படிக்கலாம். என் மறுப்பைப் பதிவு செய்க. மற்றபடி 'கடும்' என்பதும் கடிக்கு உறவு என்றே நினைக்கிறேன்; நாளை விரிவாக எழுதுகிறேன்.
– புலவர் இரா.